இரண்டாம் பாகம் இனிக்குமா?



"முதல் பாகம் நல்லா இருந்துச்சுன்னா, ரெண்டாவது பாகம் எடுக்கவே கூடாதும்மா!"

எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் வழக்கு இது. வாதி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன். பிரதிவாதி, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள். நீதிபதி, வெற்றிலை இடித்தபடியே தீர்ப்புச் சொல்லும் என் மாமியார். இவர்கள் வாதாடுவது எல்லாம் கார்ட்டூன் படங்களைப் பற்றித்தான். 'குழந்தைங்க பாக்கிற படத்துக்கு இவ்வளவு பேச்சா?' என்று நானும் ஒரு காலத்தில் அலட்சியமாக இருந்தவள்தான். ஆனால், அப்படி ஒரு இரண்டாம் பாகம் எங்கள் வீட்டில் மூடிக் கிடந்த ஒரு கதவைத் திறந்து விட்டது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் பத்தாவது வரை படித்தவள். விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. எங்கள் ஊர் என்றால் பழமலைநாதர் கோவிலும், மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்தபடி பீங்கான். கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார பியூஸ் கட்டை என்று இங்கே சூளையில் வெந்து ஊர் ஊராகப் போகிறது. என் கணவரும் ஒரு பீங்கான் பட்டறையில்தான் வேலை செய்கிறார். சீசன் சமயத்தில் நானும் வீட்டில் உட்கார்ந்து பொம்மைக்குப் பெயின்ட் அடித்துக் கொடுப்பேன். கண், மூக்கு, பொட்டு வைப்பது என் வேலை.

படங்களுக்கு வருகிறேன். 2019ம் ஆண்டு ஜூலையில், 'தி லயன் கிங்' தமிழில் வந்தபோது கடலூரில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். எல்லாருமாகத் தியேட்டருக்குப் போனோம். சிம்பாவுக்குச் சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த்சாமி, பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்குச் சிங்கம்புலி என்று நமக்குத் தெரிந்த குரல்களாகப் போட்டிருந்தார்கள். தியேட்டரே சிரித்தது. அப்பா சிங்கம் செத்துப் போகும் இடத்தில், எட்டு வயதாயிருந்த என் மகள் என் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக் கொண்டாள். என் மாமியார் மட்டும், "சிங்கம் அச்சு அசல் சிங்கமாவே இருக்கு. ஆனா அதுக்கு அழுகையும் தெரியல, சிரிப்பும் தெரியல" என்றார். 1994ல் வந்த பழைய படத்தைப் பிறகு டிவியில் பார்த்தபோதுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அது கையால் வரைந்த படம். அதில் சிங்கக் குட்டியின் புருவம் கூடப் பேசும்!

அந்தச் சிங்கத்தின் இளமைக் கதை 2024ம் ஆண்டு டிசம்பரில் 'முஃபாசா' என்ற பெயரில் வந்தது. முஃபாசாவுக்கு அர்ஜுன் தாஸ் குரல். டாக்கா என்ற இளவரசச் சிங்கத்துக்கு அசோக் செல்வன். வெள்ளத்தில் தாய் தகப்பனைப் பிரிந்து வந்த குட்டியை டாக்காவின் அம்மா தன் பிள்ளை போலவே வளர்க்கிறாள். சொந்த அண்ணன் தம்பி மாதிரி இருந்தவர்கள் பின்னால் எப்படி விரோதியானார்கள் என்பதுதான் கதை. நல்ல கதைதான். மாற்றாள் பிள்ளைக்கு மடியில் இடம் கொடுத்த அந்தத் தாயை என்னால் மறக்க முடியவில்லை. ஆனால், படம் முடிந்து வெளியே வந்ததும் என் மகன் கேட்டது என்ன தெரியுமா? "அம்மா, வீட்டுக்குப் போயி பழைய லயன் கிங் போடும்மா!" 2025ல் ரோபோ சங்கர் காலமான செய்தி வந்தபோது, "பும்பா செத்துட்டாரா?" என்று கண் கலங்கினான். பாருங்கள், குழந்தைகள் மனசில் முதல் படம் அவ்வளவு ஆழமாக இறங்கி விடுகிறது.

'ஃப்ரோசன்' படமும் இப்படித்தான். 2013ல் வந்த முதல் பாகத்தில், தங்கை அக்காவின் அறைக் கதவைத் தட்டிக் கொண்டே இருப்பாள். அக்கா திறக்க மாட்டாள். அதை எத்தனை தடவை போட்டாலும் என் மகள் பார்ப்பாள். 2019 நவம்பரில் இரண்டாம் பாகம் தமிழில் வந்தது. அக்காவுக்குச் சுருதிஹாசன், தங்கைக்குத் திவ்யதர்ஷினி குரல் கொடுத்திருந்தார்கள். பனியும் காடும் கடலும் பார்க்கக் கண் கொள்ளாத அழகு. ஆனால், தாத்தா கட்டிய அணை, காட்டு மக்களோடு சண்டை, மாயக் குரல் என்று கதை எங்கெங்கோ சுற்றியது. "முதல் படத்துல கதவு தட்டுறது எனக்குப் புரிஞ்சுது. இதுல நிறைய இருக்கு, ஆனா எனக்குன்னு ஒண்ணும் இல்ல" என்றாள் மகள். எட்டு வயதுப் பிள்ளையின் விமரிசனம் இது!

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2005ல் வந்த 'ஹனுமான்' கார்ட்டூன் படம் நன்றாக ஓடியது. உடனே 2007ல் 'ரிட்டர்ன் ஆப் ஹனுமான்' என்று அடுத்த படத்தை எடுத்தார்கள். அதில் அனுமார் இந்தக் காலத்துப் பையனாகப் பிறந்து பள்ளிக்கூடம் போவார். பிள்ளைகளுக்குச் சிரிப்புத்தான். ஆனால் என் மாமியார், "அனுமாரைப் பாக்க உக்காந்தா, வாண்டுப் பையனைக் காட்டுறாங்களே" என்று எழுந்து போய்விட்டார். பெரியவர்களுக்கும் எதிர்பார்ப்பு உண்டு இல்லையா?

இதையெல்லாம் ஒருநாள் சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக் கொண்டே, "எங்க பட்டறை சமாச்சாரம்தான் இது" என்றார். பொம்மை செய்ய, பிளாஸ்டர் ஆப் பாரிஸில் அச்சு இருக்கும். அதில் கரைத்த களிமண்ணை ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளும். மண் அச்சின் சுவரோடு ஒட்டி இறுகும். மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றி விட்டு, கொஞ்சம் காய்ந்ததும் பொம்மையை எடுக்க வேண்டும். புது அச்சில் வரும் பொம்மைக்கு மூக்கும் முழியும் கத்தி மாதிரி இருக்கும். ஊற்ற ஊற்ற அச்சு தேயும். தேய்ந்த அச்சில் எடுத்த பொம்மைக்கு நான் என்னதான் பெயின்ட் அடித்தாலும் முகத்தில் களை வராது. எனக்கே தெரியும், கண் எங்கே வைப்பது என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். "அச்சு தேஞ்சா, மூலப் பொம்மையில இருந்து புது அச்சு எடுக்கணும். சோம்பல் பட்டா, சரக்கு சந்தையில நிக்காது" என்றார்.

எவ்வளவு சரியான பேச்சு! ஹாலிவுட்டிலும் தேய்ந்த அச்சில் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். 'அலாவுதீன்' படம் ஓடியதும் 1994ல் அதற்கு இரண்டாம் பாகம், 'லயன் கிங்'குக்கு 1998ல் இரண்டாம் பாகம் என்று, தியேட்டருக்கே போகாமல் நேராக வீடியோ கேசட்டில் விற்கப் படம் எடுத்தார்கள். கேசட்டுகள் நன்றாகவே விற்றன. ஆனால் முதல் படத்தின் களை அவற்றுக்கு வந்ததாகப் பலரும் சொல்வதில்லை.

புது அச்சு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். 'டாய் ஸ்டோரி' பொம்மைகளின் கதை. பொம்மை ஊர்க்காரி எனக்குப் பிடிக்காமல் போகுமா? முதல் படம் 1995ல் வந்தது. இரண்டாம் பாகத்தையும் முதலில் கேசட்டுக்காகத்தான் ஆரம்பித்தார்களாம். அப்புறம் தியேட்டருக்கு என்று மாற்றினார்கள். 1998ல் யாரோ கம்ப்யூட்டரில் தவறான கட்டளையைக் கொடுக்க, படத்தின் பெரும்பகுதி கண் முன்னாலேயே அழிந்து போனது. பத்திரமாக எடுத்து வைத்த நகலும் சரியாக இல்லை. அப்போது கை கொடுத்தவர் ஒரு தாய்! தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த கேலின் சஸ்மன் என்ற அந்தப் பெண், கைக்குழந்தையை வைத்துக் கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரில் குழந்தை போலக் கொண்டு வந்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது அதற்கடுத்து நடந்ததுதான். அப்படி மீட்ட படத்தையே, 'கதை சரியில்லை' என்று பெரும்பகுதி மாற்றி, ஒன்பது மாதத்தில் புதிதாக எடுத்து 1999ல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் பலர் முதல் பாகத்தை விட அதுதான் உசத்தி என்கிறார்கள்.

மூன்றாம் பாகம் 2010ல் வந்தது. முதல் படத்தில் சின்னப் பையனாக இருந்தவன், அதில் கல்லூரிக்குக் கிளம்புகிறான். காலியான அறையைப் பார்த்து அவன் அம்மா நின்று விடுவாளே... அந்த ஒரு காட்சிக்கு நான் விட்ட கண்ணீரைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதல் படம் பார்த்த குழந்தைகள் வளர்ந்து விட்டார்கள் என்பதை மறக்காமல் எடுத்த படம் அது.

'இன்கிரெடிபிள்ஸ்' இரண்டாம் பாகத்துக்குப் பதினாலு வருடம் காத்திருந்து, 2018ல் வெளியிட்டார்கள். அதில் அம்மா வேலைக்குப் போகிறாள். அப்பா வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக் கொள்கிறார். மகனுக்குக் கணக்குச் சொல்லித் தர முடியாமல், கைக்குழந்தையைத் தூங்க வைக்க முடியாமல், தூக்கமில்லாமல் அந்த பலசாலி மனுஷன் படும் பாடு இருக்கிறதே... நானும் என் மாமியாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் கணவர் மட்டும் பாதியில் தண்ணீர் குடிக்கப் போனவர், வரவே இல்லை!

இனி, சொல்ல வந்த விஷயம்.

2020ல் ஊரடங்கு சமயத்தில், ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய போனில் 'இன்சைடு அவுட்' என்ற படத்தை நானும் மகளும் சேர்ந்து பார்த்தோம். 2015ல் வந்த படம். ரைலி என்ற பதினோரு வயதுப் பெண்ணின் மண்டைக்குள்ளே மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு என்று ஐந்து பேர் உட்கார்ந்து அவளை நடத்துகிறார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அதன் பிறகு எங்களுக்குள் அது ஒரு பாஷையாகவே ஆகிவிட்டது. "அம்மா, இப்ப உன் தலையில சிவப்புக்காரன் உக்காந்துட்டான்" என்பாள், நான் கோபப்பட்டால். எனக்கும் சிரிப்பு வந்து விடும்.

2024ம் ஆண்டு தொடக்கத்தில் அவள் வயதுக்கு வந்தாள். ஒரே பெண் பிள்ளை. ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு வைத்தோம். தாய்மாமன் சீர், மேளம், மண்டபம் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. பட்டுப் புடவையும் நகையும் போட்டு, அவளைப் போட்டோ எடுத்து, பெரிய பிளெக்ஸ் அடித்துத் தெரு முனையிலும் மண்டப வாசலிலும் கட்டினோம். எனக்கு அவ்வளவு பெருமை. 'வேணாம்மா' என்று அவள் ஒரு தடவை முனகியது காதில் விழுந்தது. 'சின்னப் பொண்ணு, வெட்கப்படுது' என்று விட்டு விட்டேன்.

விழா முடிந்தது. என் மகளும் மாறிப் போனாள். பள்ளி விட்டு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொள்வாள். கேட்டால் ஒரு வார்த்தையில் பதில். என்னோடு படுத்துத் தூங்கிய பிள்ளை, நான் தலை வாரி விட வந்தால் கூட "நானே பாத்துக்கறேன்" என்றாள். மார்க் குறைந்தது. நான் போனைப் பிடுங்கி வைத்தேன். கத்தினேன். ஒருநாள் அடிக்கவும் கை ஓங்கி விட்டேன். என் மாமியார், "மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டிட்டு வரலாம், எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். எதைப் பிராதாக எழுதுவது? என் பிள்ளைக்கு என்ன குறை என்றே எனக்குத் தெரியாதே!

அந்த வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிவியில் 'இன்சைடு அவுட்' இரண்டாம் பாகம் இருப்பதைப் பார்த்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 'இதுவும் தேய்ஞ்ச அச்சாத்தான் இருக்கும்' என்று நினைத்தேன். இருந்தாலும் கதவைத் தட்டி, "வரியா? எனக்கு இங்கிலீஷ் புரியாது, நீ சொன்னாத்தான் பாக்க முடியும்" என்றேன். என்ன நினைத்தாளோ, வந்து உட்கார்ந்தாள்.

படத்தில் ரைலிக்கு இப்போது பதின்மூன்று வயது. என் மகளுக்கும் அதே வயது. ஒரு ராத்திரி அவள் மண்டைக்குள் பருவ வயதின் அபாயமணி அடிக்கிறது. ஆட்கள் வந்து எல்லாவற்றையும் இடித்து மாற்றுகிறார்கள். மறுநாள் புதிதாக நாலு பேர் வருகிறார்கள். பதற்றம், பொறாமை, சலிப்பு, கூச்சம். ஆரஞ்சு நிறத்தில் படபடவென்று பேசுகிறவள்தான் பதற்றம். கூச்சம் என்பவன் பெரிய உருவமாக, வெட்கம் தாங்காமல் சட்டைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக் கொள்வான். நடுவில் 'பழைய ஞாபகம்' என்ற பாட்டி ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். 'உனக்கு இன்னும் நேரம் வரலை' என்று திருப்பி அனுப்புவார்கள். "அது நான்தான்டி" என்றார் என் மாமியார். ரொம்ப நாளைக்குப் பிறகு என் மகள் சிரித்தாள்.

முதலில் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக் கொண்டு வந்தவள், போகப் போக நிறுத்தினாள். ரைலியின் உயிர்த்தோழிகள் வேறு பள்ளிக்குப் போகப் போகிறார்கள். தனியாகி விடுவோமோ என்ற பயத்தில், பெரிய பெண்களோடு சேர வேண்டி அவள் என்னென்னவோ செய்கிறாள். கடைசியில் பதற்றம் புயல் மாதிரிச் சுழன்று, ரைலிக்கு மூச்சு முட்டுகிறது. நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறாள். எனக்கு அந்த இடத்தில் தமிழே தேவைப்படவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் மகள் கண்ணில் தண்ணீர் வழிந்து கொண்டிருந்தது.

"எனக்கும் இப்படி ஆயிருக்கும்மா. கிளாஸ்ல."

அப்புறம்தான் எல்லாம் வந்தது. நாங்கள் கட்டிய பிளெக்ஸ், அவள் வகுப்புப் பிள்ளைகள் பஸ்ஸில் போகும் வழியில் இருந்ததாம். ஒரு பையன் அதைப் போனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பி இருக்கிறான். பிளெக்ஸில் இருந்த பட்டப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் பலகையில் கணக்குப் போட எழுந்தால் சிரிப்பு. "உங்கிட்டச் சொன்னா, 'எவ்வளவு செலவு பண்ணி செஞ்சோம்'னு திட்டுவே. அதான் சொல்லல" என்றாள்.

தோழியரே, அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் சொன்னது உண்மை. நான் அப்படித்தான் திட்டியிருப்பேன். பையனைப் போய்ச் சண்டை போடலாம் என்று எழுந்த என் கோபம், அப்படியே உட்கார்ந்து விட்டது. அந்தப் பையன் எடுத்தது போட்டோதான். அதைத் தெரு முனையில் கட்டியது நான் இல்லையா?

"தப்புதாண்டி, அம்மா உன்னைக் கேட்டிருக்கணும்" என்றேன். அவ்வளவுதான். அன்று ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக் கொண்டாள். எல்லாம் ஒரே நாளில் மாறி விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் கதவு சாத்துவாள். ஆனால், "ஆரஞ்சுக்காரி வந்துட்டாம்மா" என்று சொல்லி விட்டுச் சாத்துகிறாள். அன்றைக்கு நான் எதுவும் கேட்பதில்லை. டீ மட்டும் வைத்து விட்டு வருவேன். வகுப்பு ஆசிரியையிடமும் இரண்டு பேருமாகப் போய்ப் பேசினோம். கேலி நின்றது.

அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு மகளே தேடிச் சொன்னாள். படம் தயாராகும்போதே பருவ வயதுப் பெண் பிள்ளைகள் சிலரை அழைத்து, அவ்வப்போது போட்டுக் காட்டி, 'சரியாக இருக்கிறதா, உங்களுக்கு இப்படித்தான் இருக்குமா?' என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினார்களாம். மனநல நிபுணர்களையும் கலந்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் 160 கோடி டாலருக்கு மேல் அந்தப் படம் வசூல் செய்தது. அது இருக்கட்டும். சினிமா எடுக்கிற முதலாளிகள் ஊர் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். பெற்ற நான், பிளெக்ஸ் அடிக்கும் முன் என் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

இப்போது எங்கள் வீட்டு வழக்குக்கு என் தீர்ப்பைச் சொல்கிறேன். இரண்டாம் பாகம் இனிக்குமா என்றால், ஓடின படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தால் இனிக்காது. முதல் பாகம் பார்த்த பிள்ளைக்கு இப்போது என்ன வயது, அதன் மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்டு எடுத்தால் முதல் பாகத்தை விடவே இனிக்கும். 2025ல் தமிழிலும் வந்த 'மகாவதார் நரசிம்மா' படத்தை என் மாமியார் கைகூப்பிப் பார்த்தார். 2037 வரை மொத்தம் ஏழு படங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். கடைசிப் படம் வரும்போது என் மகன் இருபது வயது வாலிபன். எடுப்பவர்கள் அதை மனதில் வைத்துக் கொள்ளட்டும்.

நாமும்தான். பிள்ளைகள் வயதுக்கு வருவதும் ஒரு இரண்டாம் பாகம்தானே? நான் முதல் பாகத்துப் பிள்ளையையே எதிர்பார்த்துக் கொண்டு நின்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

போன மாதம் என் நாத்தனார் மகள் வயதுக்கு வந்தாள். பிளெக்ஸுக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நான் வாயைத் திறக்கும் முன் என் மாமியாரே சொன்னார்: "மொதல்ல பொண்ணைக் கேளுங்க. அது வேணாம்னா வேணாம்."

கேட்டோம். வேண்டாம் என்றாள். விழா வீட்டளவில், சொந்தபந்தங்களோடு நிறைவாக நடந்தது. பிளெக்ஸ் காசில் அந்தப் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்கியாயிற்று.

உங்கள் வீட்டில் எப்படி தோழியரே? எழுதுங்களேன்.

– ஒரு வாசகி, விருத்தாசலம்.